மீட்டருக்கும் ரகசியம் உண்டு

(மூன்றாம் ஆண்டு, மின் மற்றும் மின்னணுவியல் பிரிவு)

பவர் சிஸ்டம் பாடத்தில் லோடு கர்வ் வரையச் சொன்னால் நாம் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடுவோம். காலை 6 மணிக்கு ஒரு மேடு, மதியம் ஒரு பள்ளம், மாலை 6 முதல் 10 வரை ஒரு பெரிய மேடு, அப்புறம் இறக்கம். லோடு பேக்டர், டைவர்சிட்டி பேக்டர் என்று கணக்குப் போட்டு மார்க்கும் வாங்கியாச்சு. அந்தக் கோடு ஒரு ஊருக்கானதாக இருக்கும் வரை ஒரு வம்பும் இல்லை. அதே கோட்டை ஒரே ஒரு வீட்டுக்கு வரைந்து பார்த்தால்தான் விவகாரம் ஆரம்பிக்கிறது.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம், கற்பனை வீடுதான். அரை மணிக்கு ஒரு தடவை ரீடிங் பதிவாகிறது. விடியற்காலை 5 முதல் 5.30க்குள் 0.35 யூனிட். ஒரு எச்.பி. மோட்டார் இருபது நிமிடம் ஓடினால் ஏறக்குறைய 0.3 யூனிட் ஆகும். ஆக, தண்ணீர் ஏற்றுகிறார்கள், வீட்டில் ஆள் எழுந்தாச்சு. 7 மணிக்கு மிக்சி, 7.30க்கு அயர்ன் பாக்ஸ், யாரோ வேலைக்கோ பள்ளிக்கோ கிளம்புகிறார்கள். 9 மணியிலிருந்து மாலை 5 வரை அரை மணிக்கு 0.03 மட்டும். பிரிட்ஜைத் தவிர ஒன்றும் ஓடவில்லை, வீடு பூட்டிக் கிடக்கிறது. நான்கு நாள் தொடர்ந்து இதே 0.03 என்றால் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருக்கிறார்கள். தினமும் நள்ளிரவில் இன்டக்ஷன் அடுப்பு ஐந்து நிமிடம் ஓட ஆரம்பித்தால் வீட்டுக்குக் கைக்குழந்தை வந்திருக்கலாம், அல்லது பெரியவர் யாருக்காவது உடம்பு முடியாமல் இருக்கலாம். யாரும் வீட்டுக்குள்ளே எட்டிப் பார்க்கவில்லை. தெருவில் கம்பத்தோடு நின்றபடியே இவ்வளவும் தெரிந்துபோச்சு.

இது நம் கற்பனை ஓட்டம் அல்ல. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஜார்ஜ் ஹார்ட் என்பவர் 1980களிலேயே இந்த வேலையைச் செய்து பார்த்தார். வீட்டுக்கு வரும் மெயின் லைனில் மட்டும் ஒரு கருவியை வைத்து, வாட்ஸ் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்தே உள்ளே எந்தச் சாதனம் ஓடுகிறது என்று பிரித்துச் சொன்னார். அந்த முறையை விளக்கி அவர் எழுதிய கட்டுரை 1992ல் வந்தது. எனக்குப் பிடித்தது என்னவென்றால், அதற்கு முன்பே 1989ல், இதே வழியில் வீடுகளைக் கண்காணிக்கவும் முடியும் என்று எச்சரித்து அவரே இன்னொரு கட்டுரை எழுதினார். பூட்டைச் செய்த ஆசாரியே கள்ளச்சாவியைப் பற்றியும் சொல்லிவிட்டார்.

ஆறு எண்ணும் பதினேழாயிரம் எண்ணும்

நம் ஊரில் வழக்கம் வேறு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பவர் வருவார், மீட்டரைப் பார்ப்பார், வெள்ளை அட்டையில் எழுதுவார், போய்விடுவார். வருஷத்துக்கு ஆறே ஆறு எண்கள். அந்த அட்டை மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். போகிற வருகிறவர்கள் யாரும் பார்க்கலாம். அதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் வந்ததில்லை. ஆறு எண்ணில் பெரிய ரகசியம் எதுவும் அடங்காது.

அரை மணிக்கு ஒன்று என்றால் ஒரு நாளைக்கு 48, வருஷத்துக்கு 17,520 எண்கள். அட்டையைப் பார்ப்பவர் ஒரு வீட்டைத்தான் பார்ப்பார். கம்ப்யூட்டரோ மாவட்டத்தில் உள்ள அத்தனை வீட்டையும் ஒரே நேரத்தில் பார்க்கும், பார்த்ததை மறக்கவும் மறக்காது.

மத்திய அரசின் திட்டப்படி 2021 முதல் நாடு முழுவதும் 25 கோடி ஸ்மார்ட் மீட்டர் வைப்பது என்று இலக்கு வைத்தார்கள். தமிழ்நாட்டில் முதலில் பெரிய அளவில் வைத்துப் பார்த்தது சென்னை தியாகராய நகரில், ஒரு லட்சத்துக்கும் மேல். 2023ல் திருத்தப்பட்ட மின்நுகர்வோர் உரிமை விதிகள், ஸ்மார்ட் மீட்டரை நாளுக்கு ஒரு முறையாவது தூரத்திலிருந்து படிக்க வேண்டும் என்கின்றன. இதற்கிடையே 2022 நவம்பரில் சர்வீஸ் நம்பரோடு ஆதார் இணைக்கச் சொல்லி, 2023 பிப்ரவரி வரை ஊரே வரிசையில் நின்றது. இலவச 100 யூனிட் போய்விடுமோ என்று பயந்தவர்கள்தான் அதிகம். அப்படியெல்லாம் இல்லை என்று அரசு சொன்னது. ஆனால் வேறொரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்ததாக எனக்குப் படுகிறது. தஞ்சாவூர்ப் பக்கம் பாதி வீட்டு சர்வீஸ் இன்றைக்கும் தாத்தா பேரில்தான் இருக்கும். தாத்தா போய் இருபது வருஷம் ஆகியிருக்கும். அது வீட்டின் கணக்கு, ஆளின் கணக்கு இல்லை. ஆதார் சேர்ந்தவுடன் அது ஒரு ஆளின் கணக்கு ஆயிற்று. ஆறு எண்ணோடு ஆதார் சேர்ந்தால் பரவாயில்லை. 17,520 எண்ணோடு சேரும் நாளை யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் ஸ்மார்ட் மீட்டரே வேண்டாமா? நாம் அப்படிச் சொல்ல முடியாது. நாளைக்கு நாமே இ.பி.யில் போய் உட்காரப்போகிறவர்கள். (1957ல் தோன்றிய மின்வாரியம் 2010ல் பிரிந்தது, 2024ல் மறுபடி பிரிந்து, விநியோகத்துக்கு மின் பகிர்மானக் கழகம் என்று பெயர் வந்தது. ஊர் வாயில் என்றைக்கும் அது 'இ.பி.'தான்.) எந்த டிரான்ஸ்பார்மர் ஓவர்லோடு ஆகிறது, எந்தப் பேஸில் லோடு சாய்ந்திருக்கிறது, அனுப்பிய யூனிட்டுக்கும் பில் போட்ட யூனிட்டுக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம், இதெல்லாம் தெரியாமல் லைனை நடத்த முடியாது. டிரான்ஸ்பார்மர் எரிந்தபின் மாற்றுவதைவிட எரியும் முன் கண்டுபிடிப்பது மேல்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பில் போட வீட்டுக்கு வீடு எண் வேண்டும், ஆனால் அரை மணிக்கு ஒன்று வேண்டாம். இரண்டு மாதத்துக்கு ஒன்று போதும். நேரத்துக்கு ஒரு ரேட் என்று வந்தாலும் மீட்டரே நேரவாரியாகக் கூட்டி வைத்து மூன்று நான்கு எண்ணை மட்டும் சொல்லலாம். லோடு பார்க்க அரை மணிக்கு ஒன்று வேண்டும், ஆனால் வீட்டுக்கு வீடு வேண்டாம். டிரான்ஸ்பார்மருக்கு மொத்தம் போதும். நுணுக்கமாகவும், தனித்தனியாகவும், இரண்டும் சேர்ந்து வேண்டும் என்கிற அவசியம் பெரும்பாலும் இல்லை. இந்தக் கட்டுரையில் மீதி எல்லாம் இந்த ஒரு விஷயத்தை எப்படி நடத்திக் காட்டுவது என்பதுதான்.

பேரை அழித்தால் போதாதா?

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இது. சர்வீஸ் நம்பரையும் பேரையும் அடித்துவிட்டு மற்றதைக் கொடுத்தால் என்ன? சரிப்படாது. ஒரு கிராமத்து ரீடிங்குகளைப் பேர் இல்லாமல் என் கையில் கொடுத்தால், தினமும் 3.30 மணிக்கு லோடு ஏறுவது டீக்கடைக்காரர் வீடு என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஊர்க்காரருக்கு அதுகூட வேண்டாம்.

1997ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பேர் நீக்கி ஆராய்ச்சிக்குக் கொடுத்திருந்தார்கள். லட்டான்யா ஸ்வீனி என்ற மாணவி, வாக்காளர் பட்டியலை வாங்கிப் பிறந்த தேதி, பால், பின்கோடு மூன்றையும் ஒப்பிட்டு, அந்த மாநில ஆளுநர் வில்லியம் வெல்டின் மருத்துவப் பதிவையே எடுத்துக் காட்டினார். அவரும் அப்போது நம்மைப் போல் படித்துக்கொண்டிருந்தவர்தான். மூன்று விவரத்துக்கே இந்தக் கதி. 17,520 விவரத்துக்குப் பேர் எதற்கு?

சரி, மொத்தமாகக் கூட்டிக் கொடுத்தால்? அது நல்ல வழி. ஆனால் அதிலும் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். நம் பக்கத்து டிரான்ஸ்பார்மர் ஒன்றில் 20 சர்வீஸ் இருக்கிறது, அதில் ஒன்று ரைஸ் மில் என்று வையுங்கள். மொத்த லோடில் முக்கால்வாசி மில்லுடையது. அப்போது 'மொத்தம்' என்று வெளியிடுவது மில்காரர் எந்த நாள் எத்தனை மணி அரைத்தார் என்று தண்டோரா போடுவதற்குச் சமம். இதற்காகவே கலிபோர்னியா, இல்லினாய், கொலராடோ போன்ற மாநிலங்களில் '15/15' என்று ஒரு விதி புழக்கத்துக்கு வந்தது. குறைந்தது 15 நுகர்வோர் இருந்தால்தான் மொத்தத்தைச் சொல்லலாம். அவர்களில் எவர் ஒருவரும் மொத்தத்தில் 15 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. பஸ் நம்பர் மாதிரி நினைவில் வைத்துக்கொள்ளச் சுலபம்.

இதையும் ஏமாற்றலாம். ஒரு தெருவில் 16 வீடு, மொத்தம் 2,410 யூனிட் என்று ஒரு அறிக்கை. அதே மாதத்துக்கு, 'மாடி வீடு நீங்கலாக 15 வீடு, 2,050 யூனிட்' என்று இன்னொரு அறிக்கை. இரண்டும் விதிக்கு உட்பட்டவைதான். கழித்துப் பாருங்கள்: தெருவில் இருக்கும் ஒரே மாடி வீட்டுக்காரர் 360 யூனிட் எரித்தது வெளியே வந்துவிட்டது.

மூன்று வீட்டுக் கணக்கு

கூட்டுகிறவருக்கே தனி எண் தெரியாமல் கூட்ட முடியுமா? முடியும். நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கூடவே போட்டுப் பாருங்கள்.

மேல வீடு 4 யூனிட், நடு வீடு 7, கீழ வீடு 3. மொத்தம் 14. இ.பி.க்கு 14 மட்டும் தெரிய வேண்டும்.

முதலில் மீட்டர்கள் இரண்டிரண்டாகத் தங்களுக்குள் ஒரு ரகசிய எண் பேசி வைத்துக்கொள்கின்றன. மேல வீடும் நடு வீடும் 25. நடு வீடும் கீழ வீடும் 40. மேல வீடும் கீழ வீடும் 13. ஒவ்வொரு ஜோடியிலும் முதலில் சொன்ன வீடு அதைக் கூட்டும், அடுத்த வீடு கழிக்கும். இப்போது மேல வீட்டு மீட்டர் அனுப்புவது 4 + 25 + 13 = 42. நடு வீடு அனுப்புவது 7 − 25 + 40 = 22. கீழ வீடு அனுப்புவது 3 − 40 − 13 = −50. இ.பி. கையில் வந்து சேர்ந்தது 42, 22, −50. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது. கூட்டினால் 42 + 22 − 50 = 14. ரகசிய எண்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விட்டன, மொத்தம் மட்டும் மிஞ்சியது.

இவ்வளவுதான் விஷயம். 2011ல் குர்சாவே, டனேசிஸ், கோல்வைஸ் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் மீட்டர்களுக்கென்றே இந்த வகை முறைகளை விரிவாக எழுதினார்கள். நிஜத்தில் எண்கள் மிகப் பெரியவை, அரை மணிக்கு ஒருமுறை மாறும், மீட்டருக்குள் இருக்கும் சின்னச் சிப்பே இதைச் செய்துவிடும். கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்கள் இதை ஒரு மாலைப்பொழுதில் புரோகிராம் எழுதிவிடலாம்.

ஆனால் நாம் எலக்ட்ரிகல்காரர்கள். லைன் அறுந்தால் என்ன ஆகும் என்று முதலில் கேட்க வேண்டும். 2018 நவம்பர் 16 கஜா புயலில் டெல்டா மாவட்டங்களிலும் புதுக்கோட்டையிலும் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்ததைப் பார்த்தவர்கள் நாம். அந்த அளவுக்குப் போக வேண்டாம், கீழ வீட்டு மீட்டரின் சிக்னல் மட்டும் கிடைக்கவில்லை என்று வையுங்கள். வந்தது 42ம் 22ம், கூட்டினால் 64. அர்த்தமே இல்லாத எண். ஒரு மீட்டர் படுத்தால் தெருவே படுத்தது.

சரிசெய்ய வழி உண்டு. மேல வீடும் நடு வீடும், கீழ வீட்டோடு போட்ட எண்களை மட்டும் சொன்னால் போதும். 64 − 13 − 40 = 11. அதாவது 4 + 7. சரியாக வந்துவிட்டது. வந்ததா? கொஞ்சம் பொறுங்கள். பத்து நிமிடம் கழித்துக் கீழ வீட்டின் சிக்னல் தாமதமாக வந்து சேர்கிறது: −50. இ.பி. கையில் இப்போது 13ம் 40ம் இருக்கிறது. −50 + 13 + 40 = 3. கீழ வீட்டின் ரகசியம் அம்பலம்! ஆகவே தாமதமாக வந்த எண்ணை வாங்கவே கூடாது, அல்லது மீட்டர் தனக்கென்று இன்னொரு முகமூடி எண்ணும் போட்டுக்கொள்ள வேண்டும். இன்னொன்று, மிஞ்சிய மொத்தம் 11 என்று வெளியிட்டால் மேல வீட்டுக்காரர் தன் 4ஐக் கழித்து நடு வீட்டின் 7ஐத் தெரிந்துகொள்வார். இரண்டு பேர் சேர்ந்தால் அது கூட்டம் ஆகாது. 15 பேர் விதி எதற்கு என்று இங்கே புரியும்.

ஹாஸ்டல் ஹீட்டர்

இன்னொரு வழி, பதிலிலேயே கொஞ்சம் பொய்யைக் கலப்பது. திடுக்கிட வேண்டாம், கணக்கோடு கலக்கும் பொய்.

ஒரு ஹாஸ்டலில் 200 பேர். ரூமில் வாட்டர் ஹீட்டர் காயில் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. எத்தனை பேரிடம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் சரியான கேபிள் போட முடியும். நேராகக் கேட்டால் வார்டன் எதிரில் யார் ஒப்புக்கொள்வார்கள்? எல்லோரும் சன்னியாசி மாதிரி பச்சைத் தண்ணீரில் குளிப்பதாகத்தான் சொல்வார்கள்.

இப்படிச் செய்யலாம். ஒவ்வொருவரும் தனியாகப் போய் ஒரு காசைச் சுண்ட வேண்டும். தலை விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். பூ விழுந்தால் இன்னொரு தடவை சுண்டி, தலை என்றால் 'உண்டு', பூ என்றால் 'இல்லை' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வேண்டும். காசு எப்படி விழுந்தது என்று யாரிடமும் சொல்லக்கூடாது. 'உண்டு' என்று சொன்னவரை வார்டன் பிடித்தால், 'காசு சொல்லச் சொல்லுச்சு சார்' என்று தப்பித்துக்கொள்ளலாம்.

80 பேர் 'உண்டு' என்றார்கள் என்று வையுங்கள். 200 பேரில் சுமார் 100 பேர் உண்மை சொன்னவர்கள். மீதி 100 பேரில் சுமார் 50 பேர் காசுக்காக 'உண்டு' என்றவர்கள். 80ல் 50 போனால் 30. உண்மை சொன்ன 100 பேரில் 30 பேரிடம் ஹீட்டர். அப்படியானால் 200 பேரில் 60 பேரிடம் இருக்கும். காலை 6 மணிக்குப் பாதிப்பேர் ஒரே நேரத்தில் போட்டால் காயில் ஒன்றுக்கு ஒரு கிலோவாட் வீதம் 30 கிலோவாட். கேபிள் சைஸ் கிடைத்தது, ஒருவரும் மாட்டவில்லை. இது 1965ல் வார்னர் என்பவர் தொடங்கி வைத்த முறையின் ஓர் எளிய வடிவம்.

இந்தக் கலப்படத்துக்கு 2006ல் சிந்தியா ட்வொர்க் முதலிய நால்வர் ஒரு கறாரான கணித அளவு கொடுத்தார்கள். டிபரென்ஷியல் பிரைவசி என்று பேர். கூட்டத்தில் ஒருவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெளியே தெரியும் விடை ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்படி, விடையில் ஒரு சின்னக் குலுக்கல் எண்ணைச் சேர்த்து வெளியிட வேண்டும் என்பது சாரம். அமெரிக்கா தன் 2020 மக்கள்தொகைக் கணக்கையே இப்படித்தான் வெளியிட்டது.

நம் வேலைக்கு இது உதவுமா? போட்டுப் பார்ப்போம். ஒரு வீடு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 10 யூனிட் என்று வைத்தால், ஓரளவு நல்ல பாதுகாப்புக்குச் சேர்க்க வேண்டிய குலுக்கல் சராசரியாக முன்பின் 14 யூனிட் அளவுக்கு வரும். 2,000 வீடு உள்ள பீடரில் மொத்தம் 6,000 யூனிட். 14 என்பது சுண்டைக்காய். 60 வீடு உள்ள டிரான்ஸ்பார்மரில் மொத்தம் 180 யூனிட். அதில் லாஸ் 8 சதவீதம் என்றால் சுமார் 14 யூனிட். குலுக்கலும் 14, லாஸும் 14! எது லாஸ், எது குலுக்கல் என்றே தெரியாது. போதாக்குறைக்கு ஒரே கணக்கைத் தினமும் வெளியிட்டால், முப்பது நாள் சராசரி எடுத்தே குலுக்கலைக் கரைத்துவிடலாம். 14 என்பது இரண்டரை யூனிட் அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே என் அபிப்பிராயம்: பீடருக்கு மேலே உள்ள கணக்கை வெளியாருக்குக் கொடுக்கும்போது குலுக்கல் நல்லது; டிரான்ஸ்பார்மர் லாஸ் பார்க்க மூன்று வீட்டுக் கணக்குதான் சரி. பேப்பரில் அழகாக இருக்கிறது என்பதற்காக எல்லா இடத்திலும் ஒன்றையே மாட்டக்கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டுக்கு இந்த எண்ணம் புதிதல்ல. 1948ம் வருஷத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15வது பிரிவின்படி, கணக்கெடுப்பில் நீங்கள் சொன்ன விவரத்தை வேறு யாரும் பார்க்க முடியாது. சாட்சியமாகக்கூட ஏற்க முடியாது. நாட்டுக்கு மொத்தம் வேண்டும், ஆளுக்குத் தொந்தரவு வரக்கூடாது என்பதுதான் அதன் நோக்கம். 2017 ஆகஸ்ட் 24ல் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. அதிலே ஒரு விலக்கு நமக்கு முக்கியம்: குறிப்பிட்ட ஓர் ஆளைப் பற்றி முடிவெடுக்கப் பயன்படுத்தாத வரையில், உரிய தரங்களைப் பின்பற்றிப் புள்ளிவிவர வேலைக்குத் தரவைப் பயன்படுத்தலாம்.

வெளிநாட்டில் நெதர்லாந்து மேல்சபை 2009ல், ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயமாக்கும் மசோதாவை அந்தரங்கக் காரணத்தாலேயே திருப்பி அனுப்பியது. பிறகு 'விருப்பமுள்ளவர்களுக்கு' என்று மாற்றித்தான் நிறைவேறியது. அமெரிக்காவில் நேப்பர்வில் என்ற ஊர் சம்பந்தமான வழக்கில் 2018ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், கால் மணிக்கு ஒருமுறை ரீடிங் எடுப்பது வீட்டைச் சோதனை போடுவதற்குச் சமம்தான் என்றது. ஆனால் லைன் நடத்தும் காரியத்துக்காக என்பதால் அது நியாயமான சோதனை என்று அனுமதித்தது. போலீஸ் கேட்டு எடுத்தால் கதை வேறாகும் என்பதையும் சொல்லிவைத்தது.

பம்புசெட்டும் பயமும்

இப்போது நம் வயல்காட்டுக்கு வருவோம். தமிழ்நாட்டில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயப் பம்புசெட் இணைப்புகள் உண்டு. 1984ல் சிறு விவசாயிகளுக்கும், 1990ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமாயிற்று. இதனால் பெரும்பாலான பம்புசெட்டில் மீட்டர் கிடையாது. எச்.பி. கணக்கில் அரசு மானியம் கொடுக்கும். உண்மையில் எவ்வளவு யூனிட் ஓடியது என்பதைச் சில மாதிரி இணைப்புகளில் மீட்டர் வைத்து மதிப்பிடுவார்கள். அதாவது எத்தனை ஆயிரம் கோடி மானியம் என்பதே ஒரு மதிப்பீட்டின் மேல் நிற்கிறது. யாருக்கும் உண்மை எண் வேண்டும்தான்.

ஆனால் 'மீட்டர்' என்ற சொல்லைக் கேட்டாலே விவசாயி நிமிர்ந்து உட்காருவார். அதில் நியாயம் இருக்கிறது. 1970லும் 1972லும் கோவைப் பக்கம் மின்கட்டணப் போராட்டத்தில் விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள். 2003ல் விவசாயத்துக்கு மறுபடி கட்டணம் வந்து, 2004ல்தான் போனது. இன்றைக்கு மீட்டர் வைப்பார்கள், நாளைக்குப் பில் வரும் என்று அவர் நினைத்தால் அவரை எப்படிக் குறை சொல்வது? ஒருவரது தனி எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு, 'இதை வேறு எதற்கும் பயன்படுத்த மாட்டோம்' என்று வாயால் சொல்வது வாக்குறுதி மட்டுமே. எடுக்காமலே இருந்தால் வாக்குறுதிக்கே வேலை இல்லை.

டிரான்ஸ்பார்மருக்கு ஒரு மீட்டர் வைத்தால் போதும் என்பது இங்கேதான் உதவுகிறது. 12 பம்புசெட், ஒவ்வொன்றும் 5 எச்.பி., மொத்தம் 60 எச்.பி. 0.746ஆல் பெருக்கினால் 44.8 கிலோவாட். மோட்டார் எபிஷியன்சி 80 சதவீதம் என்றால் உள்ளே போவது 56 கிலோவாட். மும்முனை மின்சாரம் ஆறு மணி நேரம் முழுக்க ஓடினால் 336 யூனிட். டிரான்ஸ்பார்மர் மீட்டர் 430 காட்டினால்? 5 எச்.பி. பிளேட்டுக்குள் ஏழரை எச்.பி. ரீவைண்டிங் இருக்கலாம், கொக்கி இருக்கலாம், அல்லது மும்முனை இல்லாத நேரத்தில் யாரோ கன்டென்சர் போட்டு இரண்டு பேஸில் ஓட்டலாம். யார் என்று மீட்டர் சொல்லாது. போய்ப் பார்க்க வேண்டிய டிரான்ஸ்பார்மர் இது என்று மட்டும் சொல்லும். அதன்பிறகு லைன்மேனும் ஏ.இ.யும் பகலில் நேரில் போய், விவசாயியை வைத்துக்கொண்டு பார்க்கட்டும். பன்னிரண்டு பேரையும் வருஷம் முழுக்க ஆபீசிலிருந்து கண்காணிப்பதைவிட இது மரியாதையான வழி. திருட்டைப் பிடிக்க இது தாமதமாகும் என்று ஒருவர் வாதாடலாம், ஆகும்தான். அந்தத் தாமதத்தை ஒப்புக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

மீட்டர் 336க்குப் பதில் 100 காட்டினால்? டெல்டாவில் இதற்கு அர்த்தமே வேறு: ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது! மேட்டூர் அணை ஜூன் 12ல் திறப்பது வழக்கம். தண்ணீர் போதாத வருஷங்களில் தள்ளிப்போகும். கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து போகும். வாய்க்காலில் தண்ணீர் வந்த இடத்தில் பில்டர் பாயிண்ட் மோட்டார்கள் ஓய்வெடுக்கும். வராத இடத்தில் குறுவை நாற்றங்காலைக் காப்பாற்ற மோட்டார் ஓடிக்கொண்டேயிருக்கும். அப்படியானால் ஒவ்வொரு பீடரின் விவசாய லோடையும் நாள்வாரியாக வரைந்து, எந்த நாளில் கோடு இறங்குகிறது என்று பார்த்தால், தண்ணீர் எந்த ஊரை எப்போது எட்டியது என்று தெரிந்துபோகும். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் கோடு இறங்காமலே இருந்தால் கடைமடைக்குத் தண்ணீர் போகவில்லை என்று அர்த்தம். கடைமடை விவசாயி மனு எழுதிக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்கும் முன்பே நீர்வளத் துறைக்காரர்களுக்குச் சொல்லிவிடலாம். இதில் ஒரு தனி விவசாயியின் எண்ணும் வேண்டியதில்லை.

மழை பெய்தாலும் லோடு இறங்கும் என்பதால் மழைக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டு லோடும் விவசாய லோடும் ஒரே பீடரில் கலந்திருந்தால் மும்முனை விடும் நேரத்து லோடிலிருந்து விடாத நேரத்து லோடைக் கழித்து ஒப்பிடலாம். துல்லியமாக வராது, போக்கு தெரியும். குஜராத்தில் 2003 முதல் ஜோதிகிராம் திட்டத்தில் விவசாயப் பீடரைத் தனியாகவே பிரித்துவிட்டார்கள். அங்கே இந்தக் கழித்தலே தேவையில்லை. கடைசி வருஷ பிராஜெக்டுக்குத் தலைப்புத் தேடுகிறவர்கள் ஒரு சப்ஸ்டேஷன் லாக் புத்தகத்தில் ஜூன், ஜூலை இரண்டு மாதத்து மணிவாரி ஆம்பியரை மட்டும் அனுமதி வாங்கிக் குறித்துக்கொண்டு வாருங்கள். சர்வீஸ் நம்பர் ஒன்றுகூட வேண்டாம். ஒரு கிராப் தாளில் மேலே கல்லணை திறந்த தேதி, கீழே பீடர் ஆம்பியர்.